செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும். அங்கேயாவது படியுங்கள்.

கும்பகோணம் வட்டாரத்து மந்திரக் கலைஞர்களான நம் சங்கத்தில் இப்போது 31 பேர் பதிவில் இருக்கிறார்கள். மாதக் கூட்டம் ஒன்பது நடந்தது. மூன்று கூட்டம், ஆள் சேராமல் டீயோடு முடிந்தது. பள்ளி விழாக்களில் ஏழு நிகழ்ச்சி செய்தோம். ஒரு பள்ளி, பேசிய தொகையில் பாதியை இன்னும் தரவில்லை. எங்கே போனாலும் கயிறு வித்தை உண்டா என்று கேட்கிறார்கள். அந்தரத்தில் நிற்கும் கயிற்றில் பையன் ஏறி மறையும் அந்தக் கதையை உலகமெல்லாம் பரப்பியது 1890-ல் ஒரு சிகாகோ பத்திரிகை. இட்டுக்கட்டியதுதான் என்று சில மாதத்தில் அதுவே ஒத்துக்கொண்டது. தலைமையாசிரியர்களுக்கு இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. சுதந்திர தினத்தில் கொடியேற்றினோம். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது.

இனி, செப்பு விஷயம், அதாவது பந்து வித்தைக்கான கிண்ணங்களை நான் செய்யக் கொடுத்த விஷயம். என் முன்னாலும் பின்னாலும் நிறையப் பேசியாகிவிட்டதால் முழுவதையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன்.

சமீபமாகச் சங்கத்துக்கு வரும் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரி வருகிறார்கள். சீட்டுக்கட்டு, ரப்பர் பேண்ட், ஒரு போன். "ஸ்ட்ரீட் மேஜிக் செய்றோம் சார்" என்கிறார்கள். 1997-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் பிளேன் என்ற வித்தைக்காரர், கேமராவை வித்தையிலிருந்து திருப்பிப் பார்ப்பவர் முகத்தில் வைத்தார். அந்த அலை காவிரிக்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது. மூத்தவர்கள் சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். பி.சி. சர்க்கார் பாணியில் தலைப்பாகையும் ஜிகினா அங்கியும், நாலு பெட்டியும் வேன் வாடகையுமாக நாம் செய்த தொழிலை இவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பார்ப்பவரிடமே ஒரு நாணயம் வாங்கி அவர் உள்ளங்கையிலேயே முடிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்?

குறை எங்கே என்றால், இவர்களுடைய தெரு போனுக்குள் இருக்கிறது. சுற்றி நிற்பது கூட்டாளிகள். சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கலாம். கேமராவும் ஒரு பக்கம்தான் நிற்கும். நம் ஊர்த் தெரு வித்தைக்காரர் மோடி மஸ்தானுக்கோ நாலு பக்கமும் ஆள். முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்கும் பொடியன் கண்ணுக்கும் தப்ப வேண்டும். திரை இல்லை, விளக்கு இல்லை, வெறும் மண் தரை. அதற்கும் மேலே, போகிறவனை நிறுத்தி, நின்றவனைப் பிடித்து வைத்து, அவன் கையாலேயே காசும் போட வைக்க வேண்டும்.

செப்படி வித்தை இன்று அரசியல்வாதிகளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. செப்பு என்ற கிண்ணத்திலிருந்து வந்த பெயர் என்றால் பையன்களுக்கு ஆச்சரியம். பக்கத்துக் கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி இதே செப்பையும் பந்தையும் வைத்துத்தான் பெயர் வாங்கினார். நம் பக்கம் தெருவில் உட்கார்ந்து செய்தவர்கள் பெயரை நாம் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆகவே பத்து செட் பித்தளைச் செப்பு செய்யக் கொடுத்தேன். பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் கப்பை ஆன்லைனில் வரவழைப்பதா? பட்டறைக்காரர் படத்தைப் பார்த்து ஏதோ மூடி என்று நினைத்துவிட்டார். மாதிரிக்கு வந்த இரண்டு செட்டிலும், கவிழ்த்தால் மேலே நிற்கும் குமிழ் பெரிதாகப் போய்விட்டது. நம் ஊர்ச் செப்பைக் குமிழில்தான், இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கித் தூக்க வேண்டும். அந்த இரண்டும் நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். பிறகு வந்த பத்தில் ஆறு விற்றது; நாலு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. 'செயலாளர் சொந்த உபயோகத்துக்கு' என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. பரணில் ஏறிப் பார்க்கலாம், ஏணி தருகிறேன்.

அப்புறம், மார்கழியில் ஒரு ஞாயிறு மாலை மகாமகக் குளக்கரையில் நடத்திய நிகழ்ச்சி. பக்கத்துக் கிராமத்திலிருந்து, பரம்பரையாக வித்தை காட்டும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். எழுபது தாண்டியவர். குரூப்பில் 22 பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நேரில் வந்தது, என்னையும் சேர்த்து, நாலு பேர். மூன்று பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மார்கழியில்.

முதலில் நம் பையன் ஒருவன் சீட்டு காட்டினான். நல்ல கை. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். டவுன் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். பெரியவர் துண்டை விரித்தார், உடுக்கையைத் தட்டினார், துணி கட்டிய மூங்கில் கூடை ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். அதைத் தொட்டு, "பொறு ராஜா, உன் முறை வரும்" என்றார். அவ்வளவுதான். செப்பு, பந்து, எலுமிச்சம்பழம், மாங்கொட்டை என்று முக்கால் மணி நேரம் ஓடியது. நடுநடுவே கூடைப் பக்கம் ஒரு பார்வை. இரண்டு பஸ் போயிற்று, கூட்டம் அசையவில்லை. மாங்கன்று துணிக்குள் பாதி எழுந்த இடத்தில் நிறுத்தித் துண்டை நீட்டினார். 640 ரூபாய் விழுந்தது. கூடையைக் கடைசி வரை திறக்கவே இல்லை.

ஒரு காலத்தில் கீரியும் பாம்பும் இருந்த கூடை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது அதெல்லாம் கூடாது. இருந்த காலத்திலும் அந்தச் சண்டையைக் கண்ணால் பார்த்தவர் யார்? "இப்ப உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டேன். "சோத்துப் பாத்திரம் சார்" என்றார்.

அந்தப் பையன் மறுவாரமே வீட்டுக்கு வந்து ஒரு செட் வாங்கிப் போனான், முழுப் பணமும் கொடுத்து. இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பழகுகிறான். எதிரே ஒட்டிய கவர் ஒன்றை வைத்துக்கொள்கிறான். உள்ளே என்ன என்று எனக்கும் சொல்லவில்லை.

குளக்கரை நிகழ்ச்சிக்கு வந்த ஆட்சேபணை இரண்டு. சங்கத்தின் பெயரில் துண்டு ஏந்தியது இழுக்கு என்பது ஒன்று. கல்யாண மண்டபத்தில் பணக் கவருக்காகப் பந்தி முடியும் வரை நிற்கிறோமே, அதற்கு என்ன பெயர்? இன்னொன்று, 640 ரூபாய்க்கு வவுச்சர் இல்லை என்பது. பணம் முழுவதும் அங்கேயே பெரியவரிடம் போய்விட்டது. துண்டில் காசு போட்டவர்களிடம் கையெழுத்து வாங்கும் வித்தை எனக்குத் தெரியாது.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடு; விவரம் பொருளாளர் படிப்பார். கையிருப்பு குறைவுதான், செப்பினால் மட்டும் அல்ல. சந்தா முழுதாகக் கட்டியவர்கள் 12 பேர். 2024-ல் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை, குறுவை போச்சு என்றார்கள், சரி என்றேன். சம்பா அறுத்த பிறகு கேட்டால் நெல் பணம் வரவில்லையாம். வயலே இல்லாத ஒருவரும் இதையே சொன்னார். வருஷத்துக்கு 300 ரூபாய்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், மைக் செட்காரருக்கும், பட்டறைக்காரருக்கும், பரணை விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

2028-ல் மகாமகம். அந்த ஜனத்திரளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஆளை நிறுத்தத் தெரிந்த ஆறு பிள்ளைகளாவது அதற்குள் தயாராக வேண்டும். மாதம் இரண்டு ஞாயிறு பழக்கித் தரப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். பஸ் காசும் சாப்பாடும் போதும் என்கிறார். அவ்வளவோடு விட்டுவிடுவது நமக்கு அழகில்லை. யாராவது இந்தச் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே தந்துவிடுகிறேன். போன வருஷமும் இதைச் சொன்னேன், கைதட்டினார்கள். பரணில் நாலு செட் இருக்கிறது. பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டு ஒரு செட்டும் வாங்குகிறவர்களுக்குக் குமிழ் பெருத்த செப்பில் ஒன்று இலவசம். டம்ளருக்கு மூடியாகும்.