அப்பத்தா வீட்டைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

தை பிறந்ததும் பால் காய்ச்சி இந்த வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து யார் வந்தாலும் சாப்பாட்டு மேசையைத் தடவிப் பார்க்கிறார்கள். பால்கனித் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் முந்தானைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "எல்லாம் நீங்களே செஞ்சதா?"

இல்லை. நான் எடுத்துக்கொண்டு வந்தேன், கூட நின்றேன். கைவேலை உங்களுடையது. வருகிறவர்களிடம் காபி ஆறுவதற்குள் இதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டை நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சங்கடமாக இருக்கிறது. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படியாக இந்த மடல்.

தெரியாதவர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தா வீடு காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் 1930-களில் கட்டியது. பங்காளிகள் 11 பேருக்குப் பொது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கூரை இறங்கிவிட்டது. பழுது பார்க்க எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கையில் பணம் இருந்ததில்லை. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். அந்தப் பெருமை ஊருக்கு வந்த பிறகும் வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. எங்கள் வீட்டையும் போன சித்திரையில் இடிக்கக் கொடுத்தாயிற்று. "உனக்கு எது வேணுமோ எடுத்துக்கத்தா, மத்ததை வண்டி ஏத்திருவாக" என்று பெரியப்பா சொன்னார். அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் இந்த மடலே இல்லை. பெரியப்பாவுக்கும் ஒரு சொல்லும் மறுத்துப் பேசாத பங்காளிகளுக்கும் முதல் வணக்கம்.

அடுத்து, இடிக்க வந்த குழுவில் இருந்த சித்தாள் அக்கா இருவருக்கும். உங்களுக்கு அன்றைக்குக் கூலி இடிப்பதற்குத்தான். முற்றத்தைச் சுற்றித் தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிப் பூக்கற்களை நான் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடப்பாரையை எடுத்தீர்கள். "குத்தக் கூடாது, பக்கவாட்டுல நுழைச்சு நெம்பணும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கிளப்பினீர்கள். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காரையில் பதித்ததால் கல் காரையை விட்டு விலகி வந்தது. சிமெண்டில் பதித்திருந்தால் ஒன்றுகூட முழுதாக வந்திருக்காது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். 63 கற்கள்! கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கற்கள் அவை. எந்திரம் தொடாதவை. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லில் இறங்கியிருக்கிறது. ஒருவர் கையால் செய்து, இன்னொருவர் கையால் பதித்து, 90 வருடம் கழித்து உங்கள் கையால் எழுந்து வந்தன. உங்கள் கைபேசி எண்ணைக்கூட நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. யாராவது இதைப் படித்துக் காட்டினால் போதும், உங்களுக்குத் தெரிந்துவிடும்.

திருச்சிக்கு வரும் வழியில் 22 கற்கள் உடைந்தன. வண்டியில் ஏற்றியவர்கள் படுக்கையாக அடுக்கிவிட்டார்கள். வைக்கோல் வைத்துச் சாய்வாக நிறுத்தியிருக்க வேண்டுமாம். எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. அன்று இரவு சாக்கைப் பிரித்துப் பார்த்து அழுதேன். அந்த 22-க்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஆசாரி அண்ணன். உங்களுக்குத்தான் அதிகம் எழுத வேண்டும்.

உள்ளறையின் இரட்டைக் கதவில் ஒற்றைக் கதவுதான் எனக்குக் கிடைத்தது. பச்சை எண்ணெய்ச் சாயம் கட்டிகட்டியாக ஏறிய தேக்குப் பலகை. இதை மேசையாக்கித் தாருங்கள் என்று கேட்டபோது, புதுப் பலகையில் செய்தால் பாதி நாளில் முடியும் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காந்தத்தைக் கையில் எடுத்து முழுக் கதவையும் அங்குலம் அங்குலமாகத் தடவினீர்கள். பழைய மரத்துக்குள் தலை உடைந்த ஆணி ஒளிந்திருக்கும், இழைப்புளி வாய் போய்விடும் என்றீர்கள். 31 ஆணிகள் எடுத்தீர்கள். அந்த டப்பாவை இன்னும் வைத்திருக்கிறேன்.

சாயத்தைச் சுரண்ட நான் அவசரப்பட்டேன். என் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கி வைத்தது உங்களுடன் வந்த பெயிண்டர் தம்பி. தம்பி, அந்தப் பிடுங்கலுக்கு உனக்குத் தனி நன்றி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், காய்ந்த பலகையைத் தேய்த்தால் தூசியாகி மூச்சில் போகும், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் ஆபத்து என்று நீ சொன்ன பிறகுதான் தேடிப் படித்தேன். வீட்டுச் சாயத்தில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முந்தைய கதவு, சன்னல், தொட்டில் எதுவானாலும் சந்தேகப்படத்தான் வேண்டும். நீ முகக்கவசம் கட்டிக்கொண்டு, பலகையை நனைத்து நனைத்து வாட்டர் பேப்பரால் தேய்த்தாய். கீழே விரித்த செய்தித்தாளோடு கழிவை மொத்தமாகச் சுருட்டிப் பையில் கட்டினாய். இரண்டு நாள் வேலை நாலு நாள் ஆனது. பழைய மரச்சாமானைத் தேய்க்கத் தொடங்குகிற எல்லோரும் இந்தத் தம்பி சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயம் போனதும் என்ன நடந்தது என்பது அண்ணனுக்கு நினைவிருக்கும். "நல்லா இழைச்சுப் பளபளன்னு ஆக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். பதினோரு மணிக்கு உங்களிடமிருந்து அழைப்பு. "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கம்மா. இதுல ஏதோ கணக்கு எழுதியிருக்கு." வந்து பார்த்தால், பச்சைச் சாயத்துக்கு அடியில் இத்தனை வருடம் மறைந்துகிடந்த கோடுகள். ஆணியால் கீறியவை. வரிசை வரிசையாக, சில நெட்டை, சில குட்டை. பெரியப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அது அப்பத்தாவின் பால் கணக்கு. நெட்டைக் கோடு உழக்கு, குட்டைக் கோடு ஆழாக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அப்பத்தாவின் கையெழுத்து என்று எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

நீங்கள் இழைப்புளியைப் போட்டிருந்தால் இரண்டு தள்ளில் போயிருக்கும். கூலிக்கு வேலை செய்கிறவர் எதற்காக நிறுத்திக் கேட்க வேண்டும்? நிறுத்தினீர்கள். அந்தப் பக்கத்தை மேலே வைத்து, கோடுகளின் மேல் இழைப்புளி படாமல், மெல்லிய தாளால் மட்டும் தேய்த்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து துணிப்பந்தால் 8 தடவை பூசினீர்கள். அரக்கு சூட்டுக்கு வெளுத்துவிடும், சாப்பாட்டு மேசைக்கு ஆகாது என்று நீங்களே சொல்லி மேலே கண்ணாடி போட வைத்தீர்கள். இப்போது தினமும் காலையில் அந்தக் கணக்கின் மேல்தான் காபி டம்ளரை வைக்கிறேன்.

தையற்கார அக்கா, உங்களிடம் நான் கொண்டுவந்தது ஒரு மூட்டை. அம்மாவின் கல்யாணக் காஞ்சிப் பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. மடித்தபடியே வருடக்கணக்கில் கிடந்தால் பட்டு மடிப்பில்தான் அறும் என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் ஒருவர் அதற்கு நல்ல விலை சொல்லியிருந்தார். சரிகையில் பட்டு நூலைச் சுற்றியிருக்கும் வெள்ளிக்காகத்தான் அந்த விலை. உருக்கி எடுத்துவிடுவார்கள். பணத்தேவை இருப்பவர்கள் கொடுப்பதில் தவறே இல்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை. நீங்கள் உடலை விட்டுவிட்டு முந்தானையை மட்டும் வெட்டி எடுத்தீர்கள். நனைத்துச் சுருங்கவைத்த மல் துணியை அடியில் கொடுத்து, சின்னச் சின்ன ஓட்டுத்தையலாகக் கையாலேயே போட்டீர்கள். மிஷினில் ஓட்டினால் ஊசி பட்ட இடமெல்லாம் கிழியும் என்றீர்கள். சட்டம் போடும் கடைத் தம்பியிடம், கண்ணாடி சரிகையில் ஒட்டாமல் நடுவே மெல்லிய மரச்சட்டம் வைக்கச் சொல்லி அனுப்பியதும் நீங்கள்தான். வெயில் நேராகப் படாத சுவராகப் பார்த்து மாட்டியிருக்கிறேன்.

அப்பத்தாவின் கண்டாங்கிப் புடவைகள் 7. அரக்கும் கடுகு மஞ்சளுமாகப் பெரிய கட்டங்கள். கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பத்தாவுக்கு அது வயலுக்கும் அடுப்படிக்கும் கட்டுகிற துணி, அவ்வளவுதான். கட்ட முடியாத அளவுக்கு நைந்தவற்றை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று நாடாவாகச் சடை பின்னி, சடையை வட்டமாகச் சுற்றித் தைத்து மிதியடி ஆக்கினோம். "ஆக்கினோம்" என்று நான் சொல்வது கிழித்ததற்கும் பின்னியதற்கும். சுற்றும்போது தட்டையாக உட்காராமல் கிண்ணம் போலக் குவிந்துகொண்டு வந்ததே, நூலை இறுக்கி இழுக்காதே என்று காட்டிக்கொடுத்துச் சரிசெய்தது நீங்கள்.

பழைய வாடகை வீட்டு மாடி ஆச்சிக்கு. காகிதக் கூழ் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. செய்தித்தாளைக் கிழித்து 3 நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, ஊறின வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, கவிழ்த்த பானையின் மேல் ஈரத்துணி விரித்து அப்ப வேண்டும். வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், அதன் கசப்புக்குப் பூச்சியும் வராது. அரிசி பருப்பு புடைத்து வைக்க, அப்பளம் எடுத்து வைக்க இப்படிச் செய்த கூடைகள்தான் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன என்றீர்கள். உங்கள் சொல்லைக் கேட்காமல் ஐப்பசி அடைமழையில் நான் போட்ட முதல் 4 கிண்ணமும் பூஞ்சை பிடித்து நாறிவிட்டன. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "தை வெயில் வரட்டும்டி" என்று மட்டும் சொன்னீர்கள். பைண்டிங் கடைக்காரர் பசையில் மயில்துத்தம் கலப்பாரே, அதைக் கலக்கலாமா என்று கேட்டபோது கையைப் பிடித்துக்கொண்டு, அது விஷம், சாமான் வைக்கிற கூடையில் கூடாது என்று சொன்னதையும் மறக்க மாட்டேன். தை மாதம் போட்டவை கல் மாதிரி நிற்கின்றன. கூழுக்குத் தாள் எடைபோட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த காயலான் கடை அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டு. ஓட்டை விழுந்த எனாமல் தூக்குச்சட்டிகளில் செடி வைக்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். துளை போட்டால் எனாமல் சிதறிவிடும், துரு அரித்த ஓட்டையே தண்ணீர் வடியப் போதும் என்றார். கற்றாழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

இனி, உடைந்த 22 கற்கள். கொத்தனார் மாமா, முழுசாக இருந்த 41-ஐ நீங்கள் பூசையறையிலும் வாசலிலும் பதித்துக் கொடுத்தீர்கள். பழைய காரையை ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். ஆசிட் பட்டால் நிறம் செத்துவிடும் என்று உப்புத்தாளும் பொறுமையுமாக உட்கார்ந்து தேய்த்தீர்கள். உடைசலைக் காட்டியபோது, "மொட்டை மாடியில வெயில் தாங்க வெள்ளை ஓட்டுத் துண்டு பதிப்போம்ல, அது மாதிரிதானே" என்றீர்கள். என் மகள் உங்களுக்குச் சண்டிகரின் பாறைத் தோட்டத்தைப் படத்தில் காட்டினாள். அங்கே நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் உடைசல்களைச் சைக்கிளில் சுமந்து, 1957 முதல் காட்டுக்குள் ரகசியமாகச் சிற்பங்கள் செய்துகொண்டிருந்தார். பல வருடம் கழித்துத்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உடைந்த வளையலில் நின்ற பொம்மைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இடிச்ச ஊரையே திருப்பிக் கட்டியிருக்காரு" என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே கரண்டியோடு வந்து நின்றீர்கள்.

மூன்று ஞாயிறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 5 பேர் துண்டுகளைச் செய்தித்தாளின் மேல் பரப்பி, புள்ளிக்கோலம் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார்கள். நடுவில் சிவப்பு நட்சத்திரம் வர வேண்டும் என்று முடிவு செய்தது இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னவள். இடுக்கில் அடைக்க வெள்ளைச் சிமெண்டில் காவி கலந்தால் பழைய கல்லோடு ஒத்துப்போகும் என்று கலந்து காட்டினீர்கள். மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்து, பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம். மாலையில் பிள்ளைகள் இப்படி உடைசல் பதித்த பால்கனித் திண்ணையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

மாமா, அத்தை அன்று ஒரு காகிதக்கூழ் கூடை கேட்டார்கள். பங்குனி வெயிலில் பெரியதாக ஒன்று மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அடியில் வைத்த துணி அப்பத்தாவின் கண்டாங்கிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆசாரி அண்ணனையும் தையற்கார அக்காவையும் அழைத்திருக்கிறேன். ஆச்சியை என் மகள் போய்க் கூட்டிவருவாள். மதியச் சாப்பாடு இங்கேதான், அந்த மேசையில்.

மிகுந்த அன்புடனும் நன்றியுடனும்,
திருச்சியிலிருந்து உங்கள் வீட்டுப் பெண்