கென்னட்–ஏவன் கால்வாய்க் காவலரண்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான உறுப்பினர்களுக்கு,

தென் இங்கிலாந்தின் கென்னட்–ஏவன் கால்வாய்க்கரையில் நாம் எடுத்த மூன்று காவலரண்களிலும் வேலை முடிந்துவிட்டது. கோயிலுக்குச் சொல்லும் ‘திருப்பணி’யைப் போர்க்காலக் கொங்கிரீட்டுக்குச் சொல்லலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். பழையதைப் பழையபடியே நிற்கவைப்பதுதானே வேலை. சொல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வரவு செலவு தனித்தாளில் வருகிறது.

1940 கோடையில் ஜெர்மன் படை கரையிறங்கும் என்ற அச்சத்தில் உள்நாட்டுப் படைத் தளபதி ஜெனரல் அயன்சைட் வகுத்த தடுப்பு வரிசைகளில் ஒன்று இந்தக் கால்வாயை ஒட்டிப் போனது. 1810இல் சரக்குப் படகுக்குத் திறந்த வாய்க்கால், 130 ஆண்டு கழித்து டாங்கியை மறிக்கும் அகழியாயிற்று. எதிரி தெற்கிலிருந்து வருவான் என்பதால் அரண்கள் பெரும்பாலும் வடகரையில். நம்மில் பலர் ஊரில் கண்ட காவலரண் பனங்குற்றியும் மண்மூட்டையும். இங்கே ஆறு பக்கக் கொங்கிரீட் பெட்டி. நாம் எடுத்த மூன்றும் அன்றைய படைத்துறை வரைபட எண்படி 24ஆம் வகை: பின்சுவர் நீளம், அதில் வாசலும் இருபுறம் சிறு துளைகளும், மற்ற ஐந்து முகத்திலும் ஒவ்வொரு சுடுதுளை, உள்ளே தோட்டா தெறிக்காமலிருக்க நடுச்சுவர். ஒன்றின் சுவர் மெல்லியது, 38 செ.மீ.க்குள். மற்ற இரண்டும் பீரங்கிக் குண்டு தாங்கும் 107 செ.மீ. தடிப்பு.

வேலையை இழுத்தடித்தது பணமல்ல, நாட்காட்டி. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஐவிக் கொடிக்குள் குருவிகள் கூடு கட்டும். கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நவம்பர் முதல் மார்ச் வரை வௌவால் உள்ளே உறங்கும். அதைத் தொந்தரவு செய்வதும் அதே சட்டத்தில் வருகிறது. சுண்ணாம்புச் சாந்தோ 5 பாகைக்குக் கீழே இறுகாது, உறைபனி பட்டால் உதிரும். மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது செப்டம்பரும் ஒக்டோபரும். அதனால்தான் இரண்டு பருவம் ஆயிற்று. வௌவால் ஆய்வாளர் பார்த்து எழுதித் தந்த பிறகே மண்வெட்டி எடுத்தோம்.

ஐவியைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் செங்கல்லும் கூடவே வரும். அடித்தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, அடுத்த பருவம் வரை காயவிட்டோம். காய்ந்தபின் வேர்க்கால்கள் தூரிகைக்கே உதிர்ந்தன. கூரையில் முளைத்த எல்டர் செடிகளுக்குக் களைகொல்லி போடவில்லை, கீழே தண்ணீர். தறித்துவிட்டோம், துளிர்க்கும், மறுபடி தறிக்கவேண்டும். கூரை மண்ணை முழுதாக வழிக்கச் சொன்னவர்களுக்கு: அது உருமறைப்புக்காக அன்றே போட்ட மண்ணாக இருக்கக்கூடும். விளிம்பில் நீர் தேங்கிய இடத்தை மட்டும் திறந்தோம்.

செங்கல்தான் பெரிய வேலை. அன்று கொங்கிரீட் வார்க்கும் பலகைக்குத் தட்டுப்பாடு. அதனால் செங்கல்லை வெளித்தோலாகக் கட்டி, அதற்குள் கொங்கிரீட் ஊற்றினார்கள். தோலுக்கும் உடலுக்கும் பிடிப்பு குறைவு. இடையில் நீர் இறங்கிக் குளிரில் உறைந்தால் தோல் வயிறு தள்ளும். முன்பு யாரோ வெறும் சீமெந்தால் பூசிய இணைப்புகள் நீரை உள்ளேயே அடைத்து, செங்கல் முகம் அப்பளம்போல் பெயர்ந்திருந்தது. அந்தச் சீமெந்தைக் கையுளியால் மட்டும் எடுத்தோம்; அரைக்கும் இயந்திரம் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். இணைப்பை 25 மி.மீ. ஆழம் சுரண்டி, நீர் தெளித்து, 3.5 வகை நீரியல் சுண்ணாம்பு (நீர் பட்டு இறுகும் வகை) 1 பங்கு, கூர்மணல் 3 பங்கு கலந்து பூசினோம். பங்கு என்பது வாளிக்கணக்கு, தராசுக்கணக்கு அல்ல. சுண்ணாம்பு பாரம் குறைந்தது. முதல் நாள் நிறுத்துக் கலந்ததில் சுண்ணாம்பு மிஞ்சி, ஒரு முகம் முழுதும் மயிரிழை வெடிப்பு. அதைச் சுரண்டி மறுபடி பூசினோம். பிறகு ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம்.

கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட் வெடித்த இடங்கள் பல. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ளிருந்தே பிளக்கும். இழுவைப் பாதையின் (கால்வாயோர நடைபாதை) மேல் துண்டு விழக்கூடிய கூரை விளிம்பை மட்டும் சீர்செய்தோம்: கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவு உடைத்து, பளபளக்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பழைய கொங்கிரீட்டைவிட வலுவில்லாத சாந்தால் நிரப்பினோம். வலுவானது போட்டால் அடுத்த வெடிப்பு அதன் ஓரத்தில் வரும். மற்ற இடங்களை அப்படியே விட்டோம். வார்ப்புப் பலகை பதிந்த வரியும் பென்சில் கிறுக்கலும் அங்கேதான் இருக்கின்றன. உட்சுவருக்கு வெள்ளையடிக்கும் யோசனையைக் குழு ஏற்கவில்லை.

மூன்றாவது அரண் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அடியில் பாட்ஜர் என்னும் மண் தோண்டும் விலங்கின் வளை. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி அதை அடைக்க முடியாது. சாய்வை அளக்கச் சுவரில் இரண்டு குறிகள் இட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

வாசலில் கிடைக்கம்பிக் கதவு. கம்பிகளுக்கு இடைவெளி 150 மி.மீ., வௌவால் பறந்து போகும், ஆள் போக முடியாது. காற்று ஊடறுத்தால் வௌவால் தங்காது. எனவே நான்கு சுடுதுளைகளைச் சாந்தின்றி அடுக்கிய செங்கல்லால் அடைத்தோம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

தரையில் சேறு இன்னும் உண்டு. வாருபவர்கள் கவனிக்க: ஹோம் கார்ட் என்ற போர்க்கால உள்ளூர்த் தொண்டர் படையினர் 76ஆம் இலக்கப் பொஸ்பரஸ் எறிகுண்டுகளைப் பெட்டிபெட்டியாக நீரோரங்களில் புதைத்துவைத்ததுண்டு. பார்வைக்கு மூடி இறுகிய சோடாப் போத்தல். உள்ளே மஞ்சள் படிவும் ஒரு ரப்பர்த் துண்டும். உடைந்தால் காற்றுப் பட்டதும் எரியும். கண்டால் தொடாதீர்கள், கழுவாதீர்கள். விலகி நின்று 999ஐ அழையுங்கள்.

நவம்பர் தொடங்கியதும் கதவுகள் பூட்டப்படும். மார்ச் முடியும்வரை திறப்பு யாருக்கும் தரப்படாது, குழுவினருக்கும்தான்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு