அடுத்த கூட்டத்தில் வாசிப்பையும் பேசுங்கள்

தொடக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மாக்களுக்கும், உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் பெரும்பாலும் என் கையில் இருந்தன. உங்கள் மாதக் கூட்டங்களில் என்னென்ன பேசப்படும் என்று எனக்குத் தெரியும். சுற்றுச்சுவர், கழிப்பறைக்குத் தண்ணீர், சத்துணவுக் கூடத்தில் ஒழுகும் கூரை. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கூட்டங்களில் எழுந்து நான் பார்த்ததில்லை. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கும் மொத்த இடங்களில் பாதி பெண்களுக்கும் என்று வைத்தது சும்மா அழகுக்காக இல்லை.

நிலைமை என்ன என்று கேட்பீர்கள். கிராமப்புற வீடுகளுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கும், பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் ஏசர் ஆய்வில், 2022இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் அடியும் அதில் உண்டு. 2024 அறிக்கையில் கொஞ்சம் தேறியிருக்கிறோம். இருந்தாலும் நிம்மதியாக உட்காரும் நிலை இன்னும் வரவில்லை.

இதை நம்பப் பல பெற்றோருக்கு மனம் வருவதில்லை. "எம் புள்ள நல்லா வாசிக்குதே டீச்சர்" என்பார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்துவது தெரு முனை வரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துதான் பள்ளி நன்றாக நடக்கிறது என்று ஊர் முடிவு செய்கிறது. ஒரு நாள் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, பாடத்தின் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். "மேலேருந்துதான் தெரியும்" என்று சொன்னால், பிள்ளை வாசிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பிக்கிறது என்று அர்த்தம். முதல் பெஞ்சில் இருக்கும் நாலு பேர் வாசிக்க, மற்றவர்கள் அரை நொடி தாமதமாக வாயசைப்பதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். கூட்டமாக வாசிப்பதில் பிள்ளைக்குக் கூச்சம் போகும், சரி. ஆனால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும்.

தனியாக வாசிக்கும்போதுதான் தெரியும். 'கொக்கு' என்ற சொல்லில் ஒரு பிள்ளை "கெ... கா..." என்று நிற்கும். அதன் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். மூன்றையும் சேர்த்து ஒரே ஒலியாக்க அதற்கு நேரம் பிடிக்கிறது. 247 எழுத்து உள்ள மொழியில் இந்த நேரம் எடுப்பது இயல்பு, அது மந்தபுத்தி இல்லை. போதாக்குறைக்கு நம் சொற்களும் நீளம். 'படித்துக்கொண்டிருந்தாள்' என்பது ஒரே சொல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை 'தாள்' வரும்போது 'படித்து' மறந்திருக்கும். வாக்கியம் முடியும்போது யார் படித்தார், எதைப் படித்தார் என்று எதுவும் மனசில் நிற்காது. கணக்குப் பாடத்தில் வாக்கியக் கணக்கு வந்ததும் விழிக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கூட்டல் கழித்தல் நன்றாகவே வரும். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் தெம்பு போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து பழையது, செலவில்லாதது: சத்தமாக, தனியாக, ஒரு பெரியவர் காதுகொடுத்துக் கேட்க, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. அமெரிக்காவில் ஜே சாமுவேல்ஸ் என்ற கல்வி உளவியலாளர் 1979இல் இதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார். சின்னப் பத்தி ஒன்றைச் சரளம் வரும் வரை திரும்ப வாசிக்க வைத்தார். அடுத்த புதுப் பத்திக்குப் போனபோது பிள்ளைகள் முன்னைவிட வேகமாகத் தொடங்கினார்கள். அதாவது பழகிய பத்தி மட்டும் தேறவில்லை, வாசிப்பே தேறியது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு தேசிய வாசிப்புக் குழு பல ஆய்வுகளை அலசி, வழிகாட்டுதலோடு வாய்விட்டு வாசிப்பது சரளத்துக்கும் புரிதலுக்கும் உதவுகிறது என்றே சொன்னது.

நம் ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 'எண்ணும் எழுத்தும்' என்ற மாநில அரசின் அடிப்படைக் கற்றல் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தடை நேரம்தான். முப்பது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் போயிற்று. ஈராசிரியர் பள்ளியில் மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது? அப்புறம் பதிவேடு, செயலி, கூட்டம். ஆகவே காது கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் உங்கள் தெருவில் இருக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு மாலையில் வீட்டுப் பக்கமே பாடம் சொல்லிக் கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்த பெண், கல்லூரி முடித்து வேலை தேடும் பையன், ஓய்வு பெற்ற தபால்காரர். ஐந்தாம் வகுப்பு அக்கா இரண்டாம் வகுப்புத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்கூடப் போதும். அக்காவின் வாசிப்பும் சேர்ந்தே தேறும்.

கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். பிள்ளை நின்றால் உடனே சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. மனதுக்குள் மூன்று எண்ணும் வரை பொறுக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் தாமே பிடித்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு, வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்ல வேண்டும். 'வந்தார்' என்று இருப்பதை 'வந்தான்' என்று வாசித்தால் திருத்துங்கள், ஏனென்றால் அங்கே பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் ஊகிக்கிறது. 'மழை'யை 'மளை' என்றால் அந்த நேரத்தில் விட்டுவிடுங்கள். ழகரத்துக்கு வேறு நாள் இருக்கிறது, நம் பெரியவர்களிலேயே பலருக்கு அது வராது! மற்ற பிள்ளைகள் எதிரில் எழுப்பி நிறுத்தி, தடுமாறும்போது சிரிக்க விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படி ஒரு முறை சிரிப்பு வாங்கிய பிள்ளை அப்புறம் வாயே திறக்காது.

கடிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஒட்டி ஒட்டி நீளும் தமிழ்ச் சொல்லையும் துண்டு துண்டான இந்திச் சொல்லையும் ஒரே எண்ணால் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்தாலே பிள்ளைகள் முற்றுப்புள்ளியைத் தாண்டி ஓடுவார்கள். வாசித்து முடித்ததும் "யாரு வந்தா, எதுக்கு வந்தா?" என்று கேளுங்கள். அதில் தெரிந்துவிடும்.

வாசிக்கப் புத்தகம்? பள்ளியிலேயே இருக்கிறது. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து, பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் கொடுத்த சின்னக் கதைப் புத்தகங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் புத்தம் புதிதாகத் தூங்குகின்றன. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தலைமை ஆசிரியருக்குப் பயம். அந்தப் பயத்தைத் தீர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. புத்தகம் போதாவிட்டால் கும்பாபிஷேக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும் ஆகும். பெயர் தெரிந்த மனிதர்கள் அதில் இருப்பதால் பிள்ளைகள் விரும்பி வாசிப்பார்கள்.

எழுத்து தெரியாத அம்மாக்கள் தயங்க வேண்டாம். தப்பைத் திருத்தத்தான் எழுத்து தெரிய வேண்டும். நேற்று திக்கிய இடத்தில் இன்று திக்கவில்லை என்பது காது இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மாதக் கணக்கில் கேட்டும் ஒரு பிள்ளை நகரவே இல்லையென்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானத்தை எழுதித் தருகிறேன். மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பதிவேட்டில் ஏற்றுங்கள்:

"பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் குறைந்தது மூன்று நாள், ஒரு பெரியவரிடமோ மூத்த மாணவரிடமோ தனியாக வாய்விட்டு வாசிக்க ஏற்பாடு செய்யப்படும். கேட்க வருவோரின் பெயர்ப் பட்டியலைத் தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு குழு தயாரிக்கும். கதைப் புத்தகங்கள் வகுப்பறையில் திறந்து வைக்கப்படும். வாசித்துக் கிழியும் புத்தகங்களுக்குக் குழுவே பொறுப்பு. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் வாசித்தது என்ற நோட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக எடுக்கப்படும்."

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை