208 தவணை மிச்சம் என்று இருந்தது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு வாங்கும் வட்டி, குறைந்ததைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த வட்டி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என்று நான்கு தடவையில் 5.25-க்கு இறங்கிவிட்டது, வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இனி மாதத் தவணை குறையும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் வட்டி ஏறியபோது அந்தத் தவணைக்கு என்ன ஆனது என்று கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. எங்களுக்கு நடந்ததைச் சொன்னால் நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று புரியும்.

2021 மார்ச்சில் திருவெறும்பூர் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வங்கிக் கடன் 20 லட்சம், வட்டி 6.9 சதவீதம், 15 வருடம், மாதம் 17,865 ரூபாய். என் கணவர் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்க்கிறார், நான் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். மாதம் 5-ஆம் தேதி கணக்கில் பணம் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த விதி. ஒரு மாதம் கூட நாங்கள் தவறவில்லை.

2022 மே மாதம் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்த ரெப்போ, அடுத்த பிப்ரவரிக்குள் 6.50 ஆனது. எங்கள் கடன் ரெப்போவோடு இணைந்தது என்பதால் எங்கள் வட்டியும் 6.9-லிருந்து 9.4-க்குப் போனது. டிவியில் செய்தி பார்த்தபோது பயந்தோம். ஆனால் கணக்கில் அதே 17,865-தான் பிடித்தார்கள், அதனால் நமக்கு ஒன்றுமில்லை போல என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். வட்டி மாறியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அவ்வளவுதான்.

2024 ஜனவரியில் வரிக் கணக்குக்காகக் கடன் ஸ்டேட்மென்ட் வாங்கினோம். அதில் மிச்சத் தவணை 208 என்று இருந்தது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 180-இல் 33 கட்டியாகிவிட்டது, மீதி 147-தானே இருக்க வேண்டும்? அச்சுப் பிழை என்றே நினைத்தேன். கிளையில் போய்க் கேட்டால், வட்டி ஏறியதால் காலத்தை நீட்டிவிட்டோம், தவணை ஏறினால் உங்களுக்குத்தானே சிரமம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். 61 மாதம், ஐந்து வருடத்துக்கும் மேல் நீட்டியிருக்கிறார்கள். என் கணவருக்கு 58 வயதில் முடிய வேண்டிய கடன் 63 வயது வரை போகும். எங்களை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் மாதம் கட்டிய 17,865-இல் வட்டிக்குப் போனது 11,500, அசலில் கழிந்தது 6,365. 2024 ஜனவரியில் அதே 17,865-இல் வட்டி 14,337, அசலுக்கு வெறும் 3,528. மூன்று வருடம் முடியப் போகிற கடனில் அசல் கழிவது அதிகமாவதற்குப் பதில் ஏறக்குறைய பாதியாகிப் போயிருந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு ஐயா ஒருவர் இன்னொன்றும் போட்டுக் காட்டினார். தவணையை மாதம் 21,009 ஆக்கினால் பழையபடி 147 மாதத்திலேயே முடிந்துவிடும். அதாவது மாதம் 3,144 கூடுதல். அப்படிக் கட்டினால் மொத்தம் சுமார் 30 லட்சத்து 88 ஆயிரம். 208 மாதம் இழுத்தால் 37 லட்சத்து 16 ஆயிரம். வித்தியாசம் ஆறே கால் லட்சத்துக்கு மேல்! மாதம் மூவாயிரம் சிரமம் என்று எங்களுக்காக முடிவு செய்தவர்கள் இந்த ஆறே கால் லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதுவும் அந்த ஐயா சொல்லித்தான் தெரியும். 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வழி தர வேண்டும் என்று அப்போது இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து அது வங்கியின் விருப்பம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டிய ஸ்டேட்மென்டில் இதுவரை வட்டிக்குப் போனது எவ்வளவு, அசலுக்குப் போனது எவ்வளவு, மிச்சத் தவணை எத்தனை, வட்டி விகிதம் என்ன என்று எளிமையாக இருக்க வேண்டும். பழைய கடன்களுக்கும் 2023 டிசம்பர் 31-க்குள் இதைச் செய்திருக்க வேண்டும்.

சரி, தெரிந்துகொண்டோம், உடனே மூவாயிரம் கூட்டிவிட முடிந்ததா என்றால் இல்லை. வீடு வாங்கும்போது கைப்பணம் பற்றாமல் பர்சனல் லோன் எடுத்திருந்தோம், எட்டுப் பவுன் அடகில் இருந்தது, போதாததற்குக் கிரெடிட் கார்டில் 38,000 நின்றது. நான் வீட்டுக் கடனையே நினைத்து அழுதுகொண்டிருந்தேன், உண்மையில் வீட்டைத் தின்றது அந்தக் கார்டு. மினிமம் மட்டும் கட்டி வந்தோம், மாதம் மூன்றரை சதவீதம், அதாவது 1,330 ரூபாய் வட்டி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. வருடத்துக்கு 42 சதவீதம் வரும் கடனை வைத்துக்கொண்டு 9.4 சதவீதக் கடனுக்குப் பயந்திருக்கிறோம். சீட்டு எடுத்து முதலில் கார்டை முடித்தோம், மீதியை 14 சதவீத பர்சனல் லோனில் போட்டு அதையும் மூடினோம். நகையை மட்டும் இன்னும் திருப்பவில்லை, வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைக்கிறோம், அது எனக்கு மனக்குறைதான்.

பர்சனல் லோன் முடிந்த கையோடு, 2024 ஜூனில், தவணையை 21,000 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்வேன், ஏனென்றால் முதல் தடவை நாங்கள் வாயால் சொல்லிவிட்டு வந்தது நடக்கவே இல்லை. இன்னொன்று, முன்கூட்டியே பணம் கட்டினால் அபராதம் உண்டு என்று கவுன்ட்டரில் ஒருவர் பயமுறுத்தினார். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அப்படி அபராதம் கிடையாது, பல வருடத்துக்கு முன்பே ரிசர்வ் வங்கி அதை நிறுத்திவிட்டது. வரிச் சலுகை போய்விடுமே, கடன் இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிப்பது பழைய வரி முறையில்தான், புதிய முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

இப்போது வட்டி குறைந்திருக்கிறது. தவணையைக் குறைக்கட்டுமா என்று வங்கியில் கேட்டார்கள், கேட்டதே பெரிய மாற்றம். வேண்டாம், 21,000 அப்படியே இருக்கட்டும், மாதத்தைக் குறையுங்கள் என்றோம். 2026 ஜனவரியில் வந்த ஸ்டேட்மென்டில் மிச்சம் 115 தவணை. 2021-இல் கையெழுத்துப் போட்ட கணக்குப்படி அந்த மாதம் 123 இருக்க வேண்டும். அந்த 115-ஐப் பார்த்தபோது எனக்கு என்னவோ நகையையே திருப்பிவிட்ட மாதிரி இருந்தது.

ஆசிரியர் அவர்களே, எங்கள் தெருவில் கடன் வைத்திருக்கும் நான்கு வீட்டில் கேட்டுப் பார்த்தேன், மூன்று வீட்டில் மிச்சத் தவணை எத்தனை என்று தெரியவில்லை, எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. ஒரு மாதிரி ஸ்டேட்மென்டை எடுத்து, எந்த வரிக்கு என்ன அர்த்தம், எந்த எண்ணை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். தவணையை உயர்த்தச் சொல்லும் கடிதத்துக்கும் ஒரு மாதிரி போட்டால் நான் அதை நகல் எடுத்து அந்த மூன்று வீட்டுக்கும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவெறும்பூர், திருச்சி