தவறு வெளியே வர வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவமனை வார்டில் தவறு நடந்ததும் முதலில் எழும் கேள்வி ‘யார் செய்தது?’ என்பதுதான். அந்தக் கேள்வி உள்ளவரை அடுத்த தவறு வெளியே வராது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். ‘யூனிட்’ என்பதை ஆங்கிலத்தில் ‘U’ என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எண்ணை ஒட்டிக் கிறுக்கினால் அது சுழியம்போல் தெரியும். 10 என்பது 100 ஆகிவிடும். எழுதியவரைத் திட்டினால் அவர் ஒருவர் திருந்துவார். முழுச் சொல்லாகவே எழுதுவது, இரண்டாமவர் மருந்துத்தாளைத் தனியாகப் படித்துவிட்டுச் சிரிஞ்சைப் பார்ப்பது என்று வார்டே முடிவெடுத்தால் எல்லோருக்கும் பயன். (முதலாமவர் ‘பத்துதானே?’ என்று கேட்டுக்கொண்டே காட்டினால் அது சரிபார்ப்பு அல்ல, வெறும் தலையாட்டல்.)

காலை 7 மணிக்குப் பணி மாறும்போது, படுக்கையருகே நின்று நோயாளிகளை ஒப்படைத்தபின் பத்து நிமிடம் கூடினால் போதும். ஒரே விஷயம்: படுக்கைப்புண் வரக்கூடியவர்களில் எத்தனை பேரை நேற்று நேரத்துக்குப் புரட்டிப் படுக்கவைத்தோம்? தவறியது எந்த நேரத்தில், ஏன்? புதிய முறையை ஒரு நோயாளி, ஒரு ஷிஃப்ட் என்று சோதித்துத் திருத்திய பிறகே விரிவாக்கலாம். எண்ணிக்கையைச் சுவரில் எழுதுங்கள். கோப்புக்குள் போனதை யாரும் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் கெடுவது ஓரிடத்தில்தான்: இரவுக் குழுவும் (வெளி நிறுவனம் வழியாகத் தற்காலிகமாக வரும்) ஏஜென்சி செவிலியரும் கூட்டத்தில் இருப்பதில்லை. மாலை 7 மணிக்கும் அதையே நடத்த வேண்டும். இங்கே டர்பனில் பலர் பேசும் ஜூலு தாய்மொழியானவர் ஜூலுவிலேயே சொல்லட்டும், குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். வார்டு சிஸ்டர் (பொறுப்புச் செவிலியர்) கடைசியாகப் பேசட்டும். அவர் தொடங்கிவிட்டால் இளையவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
செவிலியர்கள் சிலர், டர்பன், தென்னாப்பிரிக்கா