பட்டியை விட்டு ஓடிய ஆடுகள்

அன்புள்ள சித்தப்பா,

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் என்னென்ன பார்த்தாய் என்று கேட்டிருந்தீர்கள். கடல், கோயில் எல்லாம் அப்புறம். உங்களுக்கு முதலில் ஆட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தீவின் மேற்கே வெள்ளை மலைகள். உச்சி 2,453 மீட்டர். பனி இல்லாத நாளிலும் சுண்ணாம்புப் பாறை வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. அங்கேதான் சமாரியா பள்ளத்தாக்கு. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஓமலோஸ் என்ற இடத்திலிருந்து இறங்கத் தொடங்கினால், 16 கிலோமீட்டர் நடந்து கடலோரத்து ஊருக்குப் போய்ச் சேரலாம். அந்த ஊருக்குச் சாலை கிடையாது, படகுதான். ஏற்றம் கஷ்டம் என்பார்கள், எனக்கு இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்த்தது. கடைசியில் 'இரும்புக் கதவு' என்ற இடத்தில் இரண்டு பக்கமும் 300 மீட்டர் சுவர், நடுவே நாலு மீட்டர்கூட இருக்காது.

அந்தப் பாறைகளில் திரிகிறது கிரிகிரி என்ற ஆடு. பழுப்பு உடம்பு, கழுத்தில் கருப்புப் பட்டை, பின்னால் வளைந்த கொம்பு. காட்டாடு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் படகில் கொண்டுவந்த ஆடுகள் மலையேறிக் காட்டாடாகிப் போயின என்கிறார்கள். மரபணுவைப் பார்த்தால் வீட்டாட்டுக்குத்தான் நெருக்கமாம். பட்டியை விட்டு ஓடியதைத் திரும்பப் பிடிக்க முடியாமல் போன கதை, உங்களுக்குத் தெரியாததா!

அம்பு பட்ட ஆடு டிக்டாம்னோ என்ற செடியைத் தின்று ஆற்றிக்கொள்ளும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அந்தச் செடி கிரீட்டில் மட்டும்தான், அதுவும் செங்குத்துப் பாறை இடுக்கில். மருந்து உண்மையோ என்னவோ, வாசனை பிரமாதம்.

செத்த ஆட்டின் எலும்புக்குத் தாடிக் கழுகு வரும். எலும்பைத் தூக்கிப்போய்ப் பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும். உள்ளூரில் அதற்கு 'எலும்புதின்னி' என்றே பெயர். நான் வானத்தைப் பார்த்தே நடந்து இரண்டு முறை தடுக்கியதுதான் மிச்சம்.

1960 வாக்கில் கிரிகிரி 200க்கும் கீழே போய்விட்டது. 1962இல் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். நடுவில் இருந்த சமாரியா கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். கல் வீடுகள் அப்படியே நிற்கின்றன. ஆட்டைத் தேடித் தேடி நான் கடைசியில் பார்த்தது அங்கேதான். யாரோ விட்டுப்போன வீட்டுச் சுவரின் நிழலில் படுத்து, என்னைக் கண்டும் எழாமல், அசைபோட்டுக்கொண்டிருந்தது.