கல்லூரி முன்னாள் மாணவியர் சங்கம்: 2024–25 ஆம் ஆண்டறிக்கை

சங்கத் தலைவி அவர்களுக்கும், கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியைகளுக்கும், புதுக்கோட்டையின் பல மூலைகளிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்திருக்கும் அக்கா தங்கைகள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கத்தின் செயல்பாட்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி காலாண்டுக்கு ஒருமுறை கூடியது. ஜூலை 30, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாளில் மாணவியருக்குப் பேச்சுப்போட்டி நடந்தது. ஜனவரியில் பொங்கல் சந்திப்பு, மார்ச்சில் மகளிர் தின விழா. நூலகத்துக்குப் போட்டித்தேர்வு நூல்கள் வாங்கிக் கொடுத்தோம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரமதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்று உள்ள 5.4 பிரிவுக்காகக் கல்லூரி கேட்ட சங்கப் பதிவுச் சான்று, கூட்டக் குறிப்புகள், தணிக்கை அறிக்கை நகல்கள் உரிய காலத்தில் ஒப்படைக்கப்பட்டன. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

சேர்க்கை உதவி மேசை

முதலிடம் பெற்ற மாணவியருக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த ரொக்கப் பரிசை நிறுத்தி, அந்தத் தொகையைச் சேர்க்கை உதவி மேசைக்கு மாற்றியதில் மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு மனவருத்தம் உண்டு. செயற்குழுவில் தீர்மானம் போட்டுத்தான் செய்தோம் என்றாலும், காரணத்தைப் பொதுக்குழுவில் விளக்கமாகச் சொல்வது என் கடமை.

முதலிடம் வாங்குகிற பெண் எப்படியும் படித்துவிடுவாள். அவளைப் பாராட்ட பள்ளி இருக்கிறது, ஊர் இருக்கிறது. பிளஸ் டூ தேறிவிட்டு விண்ணப்பமே போடாத பெண்ணைத்தான் நாம் இழக்கிறோம். அவளுக்குத் தடை பணம் என்று பொதுவாக நினைக்கிறோம். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையதளத்தில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பதிவுக்கான 2 ரூபாய் மட்டும்தான். ஆகவே தடை வேறு இடத்தில் இருக்கிறது. கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி, இலுப்பூர், திருமயம் பக்கத்துப் பெண்களுக்கு மேசை போட்டு உட்கார்ந்ததில் தெரிந்தவற்றை, அடுத்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் சிக்கல் கைபேசி எண். விண்ணப்பம் போடப் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். அப்பா சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார். ஓடிபி அவர் எண்ணுக்குப் போகும், அவர் வேலையில் இருப்பார், நேரம் கடந்துவிடும். கூட்டம் காத்திருக்கிறதே என்று கடைக்காரர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டு முடித்துவிடுவார். கலந்தாய்வுக்கு அழைப்புக் குறுஞ்செய்தி பிறகு கடைக்காரருக்குத்தான் வரும். அவருக்கு அந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ விண்ணப்பம். அழைத்தது தெரியாமலே இடம் போய்விடும். இப்படி ஒரு பெண் தரவரிசையில் நல்ல இடத்தில் இருந்தும் வராமல் போனதைக் கலந்தாய்வு நாளில் பேர் கூப்பிட்டபோது கேட்டோம். அதனால் மேசையில் நாங்கள் வைத்த முதல் விதி: இன்னும் ஒரு வருஷம் மாறாத, வீட்டிலேயே இருக்கிற ஒரு கைபேசியின் எண். அம்மா போனாக இருந்தால் உத்தமம். பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, தரவரிசை பற்றிய அறியாமை. மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 400-க்கு ஒரு தரவரிசை, பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை, பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து இன்னொன்று. மொத்தத்தில் மதிப்பெண் குறைந்து தமிழில் 90-க்கு மேல் வாங்கிய பெண், "எனக்கு எங்கக்கா கெடைக்கப் போகுது" என்று பி.ஏ. தமிழைக் குறிக்காமலே விட்டுவிடுகிறாள். விருப்பப் பாடங்களைக் குறிக்கும்முன் மதிப்பெண் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து இந்த மூன்று கணக்கையும் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: சான்றிதழ். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகியவற்றை இ-சேவை மையத்தில் பதிய ஒரு சான்றுக்கு 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகும். சாதிச் சான்றைப் பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் மண்டலத் துணை வட்டாட்சியரும், பட்டியல் இனத்தவருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் வழங்குவார்கள். பழங்குடியினர் மனுவுக்குக் காலம் பிடிக்கும், அதைத் தேர்வு முடிவுக்காகக் காத்திராமல் முந்தைய தீபாவளிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் அதை மட்டும் மார்ச்சுக்குப் பிறகு எடுப்பது நல்லது. மே மாதத்தில் ஊரே மொத்தமாக மனுப் போடும். எந்த அலுவலகமும் அப்போது திணறத்தான் செய்யும்.

பெயர்ப் பிழையும் பிறந்த தேதிப் பிழையும் இதோடு சேர்ந்தவை. இன்ஷியல் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் கடந்துவிடும். பிறந்த தேதி மாறியிருந்தால் எங்கேயாவது ஓர் இடத்தில் நிச்சயம் மாட்டும். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த விடுவார்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழை முதலில் பார்த்து, பிழை ஆதாரிலா பள்ளிப் பதிவேட்டிலா என்று தீர்மானித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பள்ளியில் பிழை என்றால், பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்முன் தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்துவது எளிது. சான்றிதழ் அச்சாகி வந்தபிறகு திருத்துவது பெரும்பாடு. ஆக, மேசை மே மாதத்தில் போட்டாலும் வேலை அக்டோபரிலேயே பள்ளிகளில் தொடங்குகிறது. இதைச் செய்ய ஒரு பள்ளிக்கு இரண்டு பேர், ஒரு மதியப்பொழுது போதும்.

சேர்ந்தபிறகு வருவது வங்கிக் கணக்கு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்குத் தொடங்கியது, 2024–25-இல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. இந்த 1000 ரூபாய்தான் பல வீடுகளில் "போய்ப் படி" என்று சொல்ல வைக்கிறது. அது மூன்று மாதம் வராவிட்டால் அதே வீட்டில் பேச்சு மாறிவிடும். ஏன் வருவதில்லை? மாணவர் விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான யூமிஸில் கல்லூரி விவரத்தைச் சரியாக ஏற்றியிருக்கும். பெண்ணின் பாஸ்புக்கைத் திறந்தால் "மைனர், காப்பாளர் தாய்" என்று இருக்கும். பள்ளி உதவித்தொகைக்காக எட்டாம் வகுப்பில் திறந்த கணக்கு, கடைசி வரவு எப்போதோ. பதினெட்டு முடிந்ததும் புதுப் புகைப்படம், புதுக் கையெழுத்து, கேஒய்சி என்கிற அடையாள, முகவரி ஆவணங்கள் கொடுத்து அதை மேஜர் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பார்கள், "இணைச்சாச்சு" என்பார்கள். ஆனால் அரசுப் பணம் போவது, ஆதாருக்கு எந்த வங்கி என்று குறித்துவைக்கும் என்பிசிஐ (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பதிவில் எந்த வங்கி இருக்கிறதோ அதற்குத்தான். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு வங்கிக் கிளையில் இந்தப் பெண்களைத் திரும்பத் திரும்ப "நாளைக்கு வா" என்று அனுப்பினார்கள். நம் உறுப்பினர் ஒருவர் கூடப் போய் நின்றதும் அன்றைக்கே படிவம் வாங்கிக்கொண்டார்கள். கூட ஒரு பெரியவர் இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

விடுதி பற்றியும் ஒன்று. அரசு விடுதியில் சேர வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. இது தெரியாமல், ஊர் பக்கம்தானே என்று விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு என்றால் பக்கத்து ஊரும் தூரம்தான்.

சேர்த்துவிட்டதோடு முடியவில்லை. முதல் பருவத்திலேயே நிற்கிறவர்கள் அதிகம், 75 விழுக்காடு வருகை குறைந்து தேர்வு எழுத முடியாமல் நிற்பதும் அதில் ஒன்று. அதற்காக ஓர் உறுப்பினருக்கு நான்கு மாணவியர் என்று பிரித்துக்கொண்டு, முதல் மூன்று மாதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பேசினோம். பேசுவதிலும் முறை இருக்கிறது. இரவு ஏழுக்குமேல் கூப்பிட்டு, முதலில் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். பெண்ணிடம் "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "படிக்கிறேன்க்கா" என்பதோடு முடிந்தது. "இன்னைக்குக் கடைசி பீரியடு எத்தனை மணிக்கு விட்டாங்க, எந்த பஸ்ஸுல வந்தே?" என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். பஸ் பிடிக்கக் கடைசி வகுப்பை விட்டு ஓடுவது, ஆங்கிலப் பாடம் புரியாதது, மாமா வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தது என எல்லாவற்றையும் சொல்வார்கள்.

1991-இல் இந்த மாவட்டத்தில் முதியோருக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுடைய பேத்திகள்தான் இன்று மேசைக்கு எதிரே உட்காருகிறார்கள். அந்தப் பாட்டிகளுக்கு அன்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம் சங்கத்தால் இது முடியாதா?

உறுப்பினர் பதிவேடும் சந்தாவும்

வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். மே மாதத்தில் மேசையில் உட்கார்ந்தவர்கள் கையில் எண்ணக்கூடியவர்கள். அவர்களே மாறி மாறி வந்தார்கள், அவர்களுக்கும் வீடும் வேலையும் உண்டு. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் யார் வரமுடியும் என்று குழுவில் கேட்டதற்கு வணக்கப் படங்களும் கைதட்டல் குறிகளும் வந்தன. அந்த அன்பை மதிக்கிறேன். மேசைக்கு வேண்டியது ஆள்.

ஆண்டுச் சந்தாவை மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் பாதிக்கும் மேல். விதிப்படி அவர்களுக்கு இன்று வாக்குரிமை இல்லை; ஆனாலும் யாரையும் வெளியே நிற்க வைக்க இந்தச் செயற்குழு விரும்பவில்லை. ஆயுள் சந்தா கட்டியவர்கள் "நாங்கதான் அப்பவே கட்டிட்டோமே" என்கிறார்கள். அந்நாளில் வாங்கிய ஆயுள் சந்தாவின் வட்டி இன்று தபால் செலவுக்கும் தணிக்கைக் கட்டணத்துக்கும் சரியாகப் போகிறது.

பெண்கள் சங்கம் என்பதால் பதிவேட்டில் நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. படித்தபோது அப்பாவின் இன்ஷியல், கல்யாணத்துக்குப் பின் கணவரின் இன்ஷியல், ஊரும் மாறிவிடும். ஒரே தோழியின் பெயர் பதிவேட்டில் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டிலும் பழைய முகவரி. இவ்வாண்டு பதிவேட்டைத் துறை, சேர்ந்த ஆண்டு, கல்லூரிப் பதிவெண், அப்பாவின் இன்ஷியல் என்ற வரிசையில் திருப்பி எழுதினோம். இன்றைய பெயரும் ஊரும் தனிக் கட்டத்தில். 1990-க்கு முந்தைய வகுப்புகளில் இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் பொறுப்பேற்றால்தான் அது நிரம்பும். பழைய குழுப் படங்களின் பின்புறம் பெயர் எழுதி வைத்திருப்பவர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பினாலே பாதி வேலை முடியும்.

கணக்கு

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, வைப்புத்தொகை வட்டி, சில நல்ல உள்ளங்களின் நன்கொடை ஆகியவை வரவு. மேசைச் செலவு, நூல்கள், விழாக்கள், தணிக்கை முதலியன செலவு. வரவுக்குள் செலவு அடங்கியது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மேசைக்கு வாங்கிய அச்சுப்பொறி அதற்கு முக்கியக் காரணம், அது இனி வரும் ஆண்டுகளுக்கும் பயன்படும்.

நன்றி

இடம் தந்த முதல்வர் அவர்களுக்கும், யூமிஸ் வேலையில் எங்களுக்குப் பொறுமையாக வழிகாட்டிய அலுவலக ஊழியர்களுக்கும், உள்ளே விட்ட பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், தலைவி, துணைத்தலைவியர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும், கோடை வெயிலில் மேசையில் உட்கார்ந்த தோழியருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு

செயலாளர் பொறுப்பை இன்னோர் ஆண்டு ஏற்க வேண்டும் என்று செயற்குழு கேட்டிருக்கிறது. ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் மேசையை இதே சிலரைக் கொண்டு இன்னொரு மே மாதம் நடத்த முடியாது என்பதைத் திறந்து சொல்கிறேன். அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் மேசை போடச் சொல்லிப் பள்ளிகளே கேட்கின்றன. அங்கே வசிக்கும் நம் உறுப்பினர்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லி அழைக்கும்படி வைக்காமல் அவர்களே முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணினி தெரிய வேண்டியதில்லை, அதற்கு இறுதியாண்டு மாணவியர் இருக்கிறார்கள். பெற்றவர்களிடம் பேசத் தெரிந்தால் போதும்.

வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அக்டோபரில் பள்ளிக்குப் போக முடிந்தவர்கள், மே மாதச் சனிக்கிழமைகளில் வரமுடிந்தவர்கள், மாலையில் போன் மட்டும் பேச முடிந்தவர்கள் என்று மூன்று பத்தி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் எழுதலாம். மதிய உணவுக்குப் பின் பொருளாளர் அதே மேசையில் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்